பன்னிரண்டு வயது மகளுக்கு எந்த வில் வாங்குவது? மூங்கில், ரிகர்வ், காம்பவுண்ட் குறித்த விவாதம்

தருமபுரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. உயரம் 150 சென்டிமீட்டர். ஊரிலுள்ள மைதானம் ஒன்றில் மாலை நேரத்தில் நடக்கும் வில்வித்தைப் பயிற்சிக்குச் சென்ற ஆண்டிலிருந்து போய்வருகிறாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் மூங்கில் வில்லில்தான் எய்கிறார்கள். பயிற்சிக்கூடத்தின் பொது வில்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அவளுக்கென்று சொந்தமாக ஒரு வில் வாங்கித்தர விரும்புகிறோம். எதை வாங்குவது என்பதில்தான் கருத்து ஒன்றுபடவில்லை. மூங்கில் வில்லுக்கான இந்தியன் ரவுண்டு பிரிவிலேயே இன்னும் ஓராண்டு இருக்கட்டும் என்கிறார் பயிற்சியாளர். ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டி ரிகர்வ் வில்லுக்கு மட்டுமே இருப்பதால் இப்போதே அதற்கு மாறிவிட வேண்டும் என்கிறான் என் தம்பி. காம்பவுண்ட் வில்லில்தான் இந்தியா பதக்கங்களைக் குவிக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு இழுத்துப் பிடிப்பதும் அதில்தான் எளிது என்கிறார் என் கணவரின் நண்பர். இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். பின்னர் தேவைப்படுவதைச் சேமித்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதலில் வாங்குவது வீணாகிவிடக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

நாணொலி

அம்மா, வணக்கம். நான் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவன். உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகளும் வில்லின் வகையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. உங்கள் மகளால் எத்தனை பவுண்டு இழுவிசையை நடுக்கமில்லாமல் இழுத்து நிறுத்த முடியும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். வில்லின் வகையை இரண்டு ஆண்டுகள் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். தாங்க முடியாத இழுவிசையில் பழகிய தோளை மாற்றுவது மிகவும் கடினம்.

ரிகர்வ் வில்லின் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) மீது எழுதப்பட்டிருக்கும் பவுண்டு அளவு, 28 அங்குலம் இழுக்கும்போது விரல்களில் இறங்கும் விசையைக் குறிப்பது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளையின் கைவிரிப்பு பெரும்பாலும் 59 அங்குலத்தை ஒட்டியிருக்கும். அப்படியானால் இழுப்பு நீளம் 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலம் குறையும்போது ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு வரை குறைவதால், 20 பவுண்டு என்று எழுதப்பட்ட லிம்ப் உங்கள் மகளின் விரல்களில் 13 பவுண்டு அளவுக்கே இருக்கும். எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அதை அப்படியே நம்பவும் வேண்டாம். பயிற்சிக்கூடத்தில் கையடக்கத் தராசு இருக்கும்; அதன் கொக்கியை நாணில் மாட்டி, அவள் இழுக்கும் நீளம் வரை இழுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இப்போது அவள் எய்யும் வில்லை அம்புடன் இலக்கை நோக்கி முழுவதும் இழுத்து, தாடையில் கையை ஊன்றிப் பத்து விநாடி நிறுத்தச் சொல்லுங்கள்; எய்யாமல் மெல்லத் திரும்ப விடட்டும். இதைச் சிறிது இடைவெளி விட்டுச் சில முறை செய்யும்போது இடது தோள் காதை நோக்கி ஏறினாலோ, இடுப்பு பின்னால் சாய்ந்தாலோ, அந்த வில் அவளுக்குக் கனமானது. முதுகுத் தசை செய்ய வேண்டிய வேலையை முன்கையும் கழுத்தும் செய்யத் தொடங்கிவிடும். எலும்பு வளரும் வயதில் இது காயத்துக்கும் வழிவகுக்கும். பக்கத்து ஊர்ப் பிள்ளை 30 பவுண்டு இழுக்கிறான் என்பதை அளவுகோலாகக் கொள்ளும் பெற்றோர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனம் வருந்துகிறது.

இரண்டாவது கேள்வி, அவளருகில் நின்று திருத்தப்போவது யார் என்பது. உங்கள் பயிற்சியாளருக்கு மூங்கில், ரிகர்வ், காம்பவுண்ட் ஆகியவற்றில் எவை தெரியும்?

எழுபது மீட்டர்

நாணொலி ஐயா சொன்ன இழுவிசைக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். நான் ரிகர்வ் எய்பவன் என்பதால், அந்த வில் என்ன கேட்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ரிகர்வ் வில்லின் முனைகள் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். இழுக்க இழுக்க விசை ஏறிக்கொண்டே போகும். முழு இழுப்பில்தான் உச்ச விசையைத் தாங்கிக்கொண்டு குறிபார்க்க வேண்டும். உதவிக்கு நாணை இழுக்கும் விரல்களில் ஒரு தோல் பட்டை, குறிபார்க்க ஒரு சைட், ஆட்டத்தைக் குறைக்க ஸ்டெபிலைசர் தண்டுகள், அம்பின் முனை சரியான இடத்துக்கு வந்ததும் ‘டிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் ஆகியவை உண்டு. விடுவதை எந்த இயந்திரமும் செய்வதில்லை, விரல்கள்தான் செய்கின்றன. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்குத்தாள். அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர் மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப் போட்டியில் தென்கொரியாவின் கிம் வூஜினும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் சமநிலையில் நின்று, கடைசியில் ஒற்றை அம்பில் முடிவு காணப்பட்டபோது, மையத்திலிருந்து இருவரின் அம்புகளுக்கும் இருந்த தூர வேறுபாடு 4.9 மில்லிமீட்டர்தான். அந்த நிலைக்குப் போக ஆண்டுகள் பல ஆகும் என்பதால், பொறுமையுள்ள பிள்ளைக்கு மட்டுமே இந்த வில்லைப் பரிந்துரைப்பேன்.

செலவைப் பொறுத்தவரை, தொடக்க நிலையில் மரத்தாலான ரைசரும் (நடுவிலுள்ள கைப்பிடிப் பகுதி) திருகிப் பொருத்தும் லிம்புகளும் கொண்ட வில், அம்புகள், கைக்காப்பு, விரல் பட்டை எல்லாம் உங்கள் வரம்புக்குள் அடங்கும். போட்டித் தரத்திலான முழுத் தொகுப்பு இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அதை இப்போது நினைக்கவே வேண்டாம்.

ஒரு நுட்பமான ஆலோசனை: ஐ.எல்.எஃப். எனப்படும் பொதுப் பொருத்து முறையுள்ள உலோக ரைசர் எளிய தரத்தில் கிடைத்தால் அதை வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் ஐ.எல்.எஃப். லிம்பும் அதில் பொருந்தும் என்பதால், பிள்ளை வளர வளர லிம்புகளை மட்டும் மாற்றினால் போதும். 25 அங்குல ரைசரில் குட்டை லிம்ப் போட்டால் 66 அங்குல வில், நடுத்தர லிம்புக்கு 68, நீள லிம்புக்கு 70. உங்கள் மகளுக்கு இப்போது 23 அங்குல ரைசரும் குட்டை லிம்பும் சேர்ந்த 64 அங்குல வில்லே பொருத்தமாக இருக்கும்.

கப்பிச்சக்கரம்

காம்பவுண்ட் வில்லை ‘எளிது’ என்ற ஒரே சொல்லில் ஒதுக்குவதும் தவறு, அதே சொல்லால் புகழ்வதும் தவறு. அதன் செயல்பாட்டைப் புரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற அமைப்பு இது. லிம்புகளின் முனையில் மையம் விலகிய கப்பிகள் இருக்கும். இழுக்கத் தொடங்கியதும் விசை விரைவாக உச்சத்துக்கு ஏறி, சிறிது தூரம் அங்கேயே நின்று, முழு இழுப்பை நெருங்கும்போது சட்டென்று குறைந்துவிடும். 75 விழுக்காடு தளர்வு தரும் வில்லில் 40 பவுண்டை இழுத்தவர், குறிபார்க்கும்போது 10 பவுண்டை மட்டும் தாங்கினால் போதும். நாணில் பதித்த சிறு துளை வழியாகவும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகவும் குறிபார்க்கலாம். விரல்களுக்குப் பதிலாக ரிலீஸ் கருவி நாணை விடுவிக்கும். ரிகர்வ் வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், இதிலிருந்து 90 மீட்டரை ஒட்டிய வேகத்தில் கிளம்பும்.

வில் வசதியாக இருப்பதால் போட்டி எளிதாகிவிடுவதில்லை. இலக்கு 50 மீட்டரில், 80 சென்டிமீட்டர் அளவிலான தாள். அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். ரிகர்வ் தனிநபர் சுற்றில் மூன்று மூன்று அம்புகளாகப் பிரித்து வெற்றி தோல்வி காணும் செட் முறை இருப்பதால் ஒரு மோசமான அம்பு அந்த ஒரு செட்டோடு போய்விடும். காம்பவுண்டில் 15 அம்புகளின் மொத்தப் புள்ளிதான் கணக்கு. உச்ச நிலையில் ஒரே ஓர் ஒன்பதுகூடத் தோல்வியாகிவிடும்.

நம் நாட்டில் இதற்கு வலுவான பயிற்சி மரபு உருவாகியுள்ளது. 2023இல் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கங்களையும் இந்தியாவே வென்றது. ஜோதி சுரேகா வென்னமும் ஓஜஸ் தேவ்தாலேயும் ஆளுக்கு மூன்று தங்கம் பெற்றார்கள். அதே ஆண்டு பெர்லினில் அதிதி சுவாமி பதினேழு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒலிம்பிக் வாசல் இனி இதற்கு முழுவதும் அடைபட்டதல்ல.

மற்றொரு காரணத்தாலும் எனக்கு இந்த வில்லின் மீது மிகுந்த மதிப்புண்டு. கைகள் இல்லாமல் பிறந்த சீதள் தேவி, காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய ரிலீஸ் கருவியால் நாணை இழுத்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். மனித உடலின் இத்தனை வேறுபாடுகளுக்கு இடம் கொடுக்கும் வில்லைத் தாழ்வாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

பிள்ளைகளுக்கென்றே இழுப்பு நீளத்தையும் இழுவிசையையும் பெரிய எல்லைக்குள் கூட்டிக் குறைக்கக்கூடிய காம்பவுண்ட் வில்கள் இருக்கின்றன. ஒரே வில் பல ஆண்டுகளுக்கு வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நாணொலி

கப்பிச்சக்கரம் அவர்களின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தருமபுரியில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ரிகர்வ் வில்லின் நாண் அறுந்தால் புதியதை வீட்டிலேயே மாட்டலாம். பெரும்பாலான காம்பவுண்ட் வில்களில் நாணையோ, கப்பிகளை இணைக்கும் கேபிளையோ மாற்ற லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் எந்திரம் வேண்டும். இரண்டு கப்பிகளும் ஒரே நேரத்தில் சுழலும்படி நேர்செய்யத் தெரிந்தவரும் வேண்டும். அந்த வசதி பக்கத்தில் இல்லாதபோது, கேபிளில் ஒரு நூல் பிரிந்தாலும் வில்லைப் பெட்டியில் போட்டுப் பெருநகரத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அம்பு இல்லாமல் நாணை விட்டால் எந்த வில்லும் பாழாகலாம்; ஆனால் காம்பவுண்டில் நாண் கழன்று, கப்பி வளைந்து, லிம்ப் பிளந்து பிள்ளையின் முகத்தருகே தெறிக்கும் ஆபத்து அதிகம். ரிலீஸ் கருவியின் விசையைத் தவறுதலாகத் தொடுவது தொடக்கத்தில் இயல்பாக நிகழ்வது.

எடையும் ஒரு காரணம். போட்டிக்குரிய காம்பவுண்ட் வில், சைட்டும் தண்டுகளும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டும். தளர்வு குறைப்பது இழுவிசையை மட்டும்தான். வில்லைத் தாங்கும் கைக்கு அதன் எடை அப்படியே இருக்கும்.

காம்பவுண்ட் பயிற்சியாளரும் பழுதுபார்ப்பவரும் அருகில் உள்ள ஊரில், பிள்ளை நேரடியாக அதில் தொடங்குவதை நான் தடுக்க மாட்டேன்.

கப்பிச்சக்கரம்

பிரஸ் பற்றிச் சொன்னது உண்மை, அதை ஏற்கிறேன். எடையைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்கான வில்கள் தண்டுகள் இல்லாமல் அதில் ஏறத்தாழப் பாதியே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூங்கிற்காடு

இந்த இழையில் எல்லோரும் மூங்கில் வில்லைக் கடந்துபோக வேண்டிய ஒரு படிக்கட்டாகவே பேசுவதால் எழுதுகிறேன். இந்தியன் ரவுண்டு நம் நாட்டில் தனிப் பிரிவு. தேசியப் போட்டிகளில் 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் இதற்கென்று தனிப் பதக்கங்கள் உண்டு. தேசியப் பள்ளி விளையாட்டிலும் ரிகர்வ், காம்பவுண்ட் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெறுகிறது. பன்னாட்டுப் போட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வயதில் மாவட்டப் போட்டியிலும் மாநிலப் போட்டியிலும் நின்று எய்யும் பழக்கம் கிடைப்பதைவிட எனக்கு வேறொன்று பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வில்லும் அம்புகளும் சில ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடுகின்றன. லட்சக்கணக்கில் செலவு செய்ய முடியாத வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குள் வருவதற்கு இந்தப் பிரிவே வழியாக இருக்கிறது. உதய்பூர் மாவட்டப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லில் பழகி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வரை சென்றவர் லிம்பா ராம். ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் தொடங்கி, ஜாம்ஷெட்பூரிலுள்ள டாடா பயிற்சிக்கழகத்துக்குப் போனவர்தான்.

மூங்கில் வில் பிள்ளையைக் கவனிக்க வைக்கிறது. இரண்டு வில்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டு அம்புகளும் அப்படித்தான். எந்த அம்பு இடப்பக்கம் விலகுகிறது, எந்த அம்பின் இறகு தளர்ந்திருக்கிறது என்று பிரித்து அடையாளமிடக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, பிற்காலத்தில் கார்பன் அம்பு எய்யும்போதும் அந்தக் கண்ணை இழப்பதில்லை. பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மூங்கில் வளைந்தபடியே தங்கி வலுவிழந்துவிடும். ஈரத்திலும் வெயிலிலும் விடக் கூடாது. ஆடி மாதத்தில் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவின் வில்வித்தைப் போட்டியை ஒருமுறை மகளோடு போய்ப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லை.

எழுபது மீட்டர்

மூங்கிற்காடு அவர்களிடம் மரியாதையுடன் மாறுபடுகிறேன். செலவு பற்றியும் போட்டி அனுபவம் பற்றியும் அவர் சொன்னவை சரி. ஆனால் மூங்கில் வில்லிலேயே நெடுநாள் இருந்துவிட்டு ரிகர்வுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு குறை தொடர்ந்து தென்படுகிறது: ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்துக்கு இழுக்க மாட்டார்கள். கிளிக்கர் போன்ற கருவி இல்லாத வில்லில் அரை அங்குலம் கூடுதலாகவோ குறைவாகவோ இழுத்தாலும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. அம்பு மேலோ கீழோ போனால் வில்லைக் குறைசொல்லிவிட்டு அடுத்ததை எய்துவிடுவார்கள். பிறகு கிளிக்கரைப் பொருத்தியதும் அந்த ஒலிக்காகக் காத்திருந்து, கேட்டதும் பதறி விடுவார்கள். அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடுகின்றன.

மூங்கிற்காடு

நீங்கள் சொல்லும் குறையை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வில்லின் மீது ஏற்றிவிட முடியாது. அம்பில் இழுப்பு நீளத்தில் ஒரு மைக்கோடு போட்டு, பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை அந்தக் கோடு கைப்பிடியருகே வருவதைப் பார்த்துச் சொன்னால் போதும். எங்கள் மைதானத்தில் இப்படித்தான் செய்கிறோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள். கிளிக்கர் வைத்திருந்தும் தாடையில் கை ஊன்றும் இடம் நாள்தோறும் மாறும் ரிகர்வ் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நாணொலி

மைக்கோட்டு முறை மிகச் சிறந்தது. தருமபுரி அம்மா இதை நாளையே செய்து பார்க்கலாம். எந்த வில் வாங்கினாலும் பயன்படும்.

தருமபுரி வாசகி

எல்லோருக்கும் நன்றி. பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் ரிகர்வ் எய்தவர். ரிகர்வ் வில்லிலும் பயிற்சி தர முடியும் என்கிறார். காம்பவுண்ட் அவருக்குப் பழக்கமில்லை. தராசில் பார்த்தபோது, மகள் எய்யும் மூங்கில் வில் அவளுடைய இழுப்பில் 19 பவுண்டு காட்டியது. பத்து விநாடி நிறுத்தும் சோதனையில் தோள் ஏறிவிட்டது. ஆக, இப்போதைய வில்லே அவளுக்குக் கனம் என்று புரிகிறது.

பயிற்சியாளர் மேலும் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தொலைவிலுள்ள பொருளைப் பார்த்தபடி கைகளை முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னபோது, துளை இடது கண்ணுக்கு வந்தது. அவள் வலக்கைப் பழக்கமுள்ளவள்; இதுவரை வலக்கையால் நாணை இழுத்துத்தான் எய்கிறாள். இதனால் வில்லை மாற்ற வேண்டுமா?

எழுபது மீட்டர்

வில் வாங்குவதற்கு முன்பே இது தெரிந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் ரைசர் வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. வலக்கையால் இழுப்பவரின் அம்பின் பின்முனை வலது கண்ணுக்குக் கீழே இருக்கும். அவர் தன்னையறியாமல் இடது கண்ணால் குறிபார்த்தால், பார்வைக் கோடும் அம்பின் கோடும் குறுக்கிட்டு அம்புகள் இடப்பக்கம் போகும். அவளுடைய அம்புகள் இடப்பக்கமே கூடுகின்றனவா என்று பாருங்கள்.

என் கருத்து, புதிதாகத் தொடங்கும் பிள்ளையாக இருந்தால் கண்ணைப் பின்பற்றி இடக்கையால் இழுக்கவே பழக்க வேண்டும். கைக்கு வலுவும் பழக்கமும் ஊட்ட முடியும். எந்தக் கண் முந்திக்கொள்ளும் என்பதை மாற்றுவது அரிது.

கப்பிச்சக்கரம்

காம்பவுண்டில் நாணிலுள்ள துளை வழியாக ஒரு கண்ணால்தான் பார்க்க முடியும் என்பதால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். பயிற்சியாளருக்குப் பழக்கமில்லாததால் அதை இப்போது வற்புறுத்தவில்லை, தகவலுக்காகச் சொன்னேன்.

நாணொலி

ஓராண்டு வலக்கையால் பழகிவிட்ட பிள்ளை என்பதால் எழுபது மீட்டர் அவர்களைவிடச் சற்று நிதானமாகப் போக விரும்புகிறேன். இடது கண்ணை மூடி எய்வதும் ஒரு வழி. ஆனால் சில பிள்ளைகளுக்கு அப்போது முகம் இறுகி, கழுத்தும் இறுகிவிடும். கண்ணைத் திறந்தபடியே வைத்து, தொப்பியின் விளிம்பிலோ கண்ணாடியிலோ சிறு மறைப்பு ஒட்டி இடது கண்ணின் பார்வையை மட்டும் மறைப்பது மேல். தேர்ந்த வீரர்களிலும் இப்படிச் செய்பவர்கள் உண்டு.

அதற்கு முன், பணம் எதுவும் செலவாகாத ஒரு சோதனை இருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் கைப்பிடி இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும் மெல்லிய மூங்கில் வில் இருந்தால், பத்து மீட்டர் தொலைவில் இலக்குத்தாள் இல்லாத வெறும் தக்கையை நோக்கிச் சில வாரங்கள் இடக்கையால் இழுத்து எய்யட்டும். புள்ளி எண்ண வேண்டாம். அந்தப் பக்கம் உடல் இயல்பாக நிற்கிறதா என்பதை அவளும் பயிற்சியாளரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அதுவரை ரைசருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வெறும்வில்

இதுவரை யாரும் பேர்போ பற்றிச் சொல்லவில்லை. சைட், கிளிக்கர், நீண்ட தண்டுகள் எதுவும் இல்லாமல் ரிகர்வ் வில்லை எய்யும் பிரிவு அது. நாண் இறக்கிய வில், 12.2 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. அம்பு முனையையே குறியாகக் கொண்டு, தொலைவுக்கேற்ப நாணில் விரல்களின் இடத்தை மேலும் கீழும் மாற்றி எய்வார்கள். பன்னாட்டுப் போட்டிகளில் 50 மீட்டரில் 122 சென்டிமீட்டர் தாள். முதல் ஆண்டில் சைட்டுக்கும் தண்டுக்கும் செலவு செய்யாமல், அதே ரைசரில் பேர்போ முறையில் எய்யப் பழகினால், மூங்கிலிலிருந்து மாறும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் எல்லாம் மாறிவிட்ட திகைப்பு இருக்காது. நான் எய்யும் பிரிவு என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் எதற்கு என்பது பிள்ளைக்கே விளங்கும்.

தருமபுரி வாசகி

இடக்கைச் சோதனையைச் சில வாரங்களாகச் செய்துவருகிறோம். அம்புகள் இப்போது ஒரு பக்கமாகக் கூடுவதில்லை. மகளுக்கும் இடக்கையால் இழுப்பது பிடித்துவிட்டது. பயிற்சியாளரும் இப்படியே தொடரலாம் என்கிறார். ஒருவர் பயன்படுத்திய இடக்கை ரைசரும் லிம்பும் விலைக்கு வருகின்றன: 23 அங்குல ஐ.எல்.எஃப். ரைசர், 20 பவுண்டு குட்டை லிம்ப். நேரில் பார்க்கப்போகிறோம். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

எழுபது மீட்டர்

அளவு சரியாகவே இருக்கிறது. லிம்பைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பஞ்சை எடுத்து விளிம்புகள் நெடுகத் தடவுங்கள். இழை சிக்கினால் அங்கே பிளவு தொடங்கியிருக்கிறது. ரைசரில் நுழையும் பகுதியிலும், நாண் மாட்டும் முனையின் இரு பக்கங்களிலும் மயிரிழைக் கோடுகள் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்குகள் பிரிந்திருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பிறகு நாணேற்றிப் பின்னாலிருந்து பார்க்கும்போது, நாண் இரண்டு லிம்புகளின் நடுவிலும் ஓட வேண்டும். ஒரு லிம்பில் மட்டும் ஓரமாகத் தெரிந்தால், அதன் பொருத்து இடத்தைச் சிறிது நகர்த்திச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள்; முடியாவிட்டால் அது முறுக்கேறிய லிம்ப். இதுவரை கோடையில் காருக்குள் வைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். அந்த வெப்பத்தில் லிம்புகளின் பசை இளகிவிடும். நாணேற்ற எப்போதும் அதற்கான கயிற்றையே பயன்படுத்துங்கள். காலிடுக்கில் வைத்து வளைத்தால் நல்ல லிம்பும் முறுக்கிக்கொள்ளும்.

நாணை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் விலை குறைவு.

நாணொலி

ரைசரில் பார்க்க வேண்டியவை குறைவு: லிம்ப் போல்ட்டுகள் தடையின்றிச் சுழல வேண்டும், புரி தேய்ந்திருக்கக் கூடாது, விரிசல் இருக்கக் கூடாது. வண்ணம் உரிந்திருப்பது பொருட்டல்ல.

விற்பவர் தன் பழைய அம்புகளையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ரிகர்வ் அம்பு விரலிலிருந்து விடுபடும்போது பக்கவாட்டில் வளைந்து, ரைசரைச் சுற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது. அந்த வளைவு வில்லின் விசைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதற்கான எண்ணை ஸ்பைன் என்பார்கள். எண் கூடக் கூட அம்பு நெகிழ்வானது. 500 என்றெழுதிய அம்பு 13, 14 பவுண்டு இழுக்கும் பிள்ளைக்கு மிகவும் விறைப்பாக இருக்கும். அவளுக்கு 1000 அல்லது அதற்கும் மேற்பட்ட எண் வேண்டும். பொருந்தாத அம்பால் எய்துவிட்டுத் தன் கையில்தான் பிழை என்று பிள்ளை நினைத்துக்கொள்வது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

அம்பின் நீளத்தை இழுப்பு நீளத்துக்குச் சரியாக வெட்டிவிட வேண்டாம். இரண்டு அங்குலமாவது கூடுதலாக விடச் சொல்லுங்கள். அளவு மீறி இழுத்துவிட்டாலும் அம்பு முனை ரைசரைத் தாண்டிக் கைக்கு வராது. அவள் வளரும்போதும் அதே அம்புகளைக் கொஞ்ச காலம் பயன்படுத்தலாம். லிம்பை மாற்றும் நேரம் வரும்போது ஒரே தாவலாக ஏறாமல் இரண்டு பவுண்டுக்கு மேல் கூட்டாதீர்கள். அப்போதும் முதலில் அந்தப் பத்து விநாடிச் சோதனையைச் செய்துவிட்டுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

தருமபுரி வாசகி

லிம்பில் பஞ்சு சிக்கவில்லை, நாணும் நடுவில் ஓடுகிறது, வாங்கிவிட்டோம். அம்புகளை அவரிடம் வாங்கவில்லை. 1000 ஸ்பைன் அம்பு ஆறு, 26 அங்குல நீளத்தில் வெட்டித்தரும்படி கடையில் சொல்லியிருக்கிறோம். சைட்டும் தண்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார். வலக்கைப் பழக்கத்தில் வாங்கியிருந்த விரல் பட்டை பொருந்தாது என்பதால், இடக்கைக்கு ஒன்று தேவைப்படுகிறது. சிறு பிள்ளைகளின் அளவில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூங்கிற்காடு

கடையில் அந்த அளவு எளிதில் கிடைக்காது. மென்மையான மாட்டுத்தோலில், அவளுடைய மூன்று விரல்களின் அளவைத் தாளில் வரைந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நாணில் படும் பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும்; சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே அம்பின் நாக் (நாணில் மாட்டும் பின்முனை) உட்கார ஒரு வெட்டு வேண்டும். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.